பயாப்ஸி எடுக்காமலே யூராக்கஸ் புற்றுநோய் என்று ஸ்கேனில் சொல்ல முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். அண்ணனுக்கு 47 வயது. மூன்று மாதமாக அவ்வப்போது சிறுநீரில் ரத்தம், கூடவே கோழை மாதிரி ஏதோ வருகிறது. முதலில் எடுத்த அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை என்றார்கள். பிறகு சி.டி. எடுத்தபோது, சிறுநீர்ப்பையின் உச்சியில், நடுக்கோட்டில், சுண்ணாம்புப் படிவுகளோடு 5 சென்டிமீட்டர் கட்டி, யூராக்கஸ் புற்றுநோயாக இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது. சதை எடுத்துப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து இப்படி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உண்மையான கவலை உங்கள் கடைசி வரிகளில் இருக்கிறது. ஒரு டாக்டர் சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் வயிற்றைத் திறந்து தொப்புளோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்கிறார். இதில் யாரை நம்புவது, அதை முடிவு செய்ய இந்த ஸ்கேன் போதுமா என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ரேடியாலஜிஸ்ட். 18 வருடமாக ஸ்கேன் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் வேலை. அப்படியிருந்தும் இந்தப் புற்றுநோயை விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நேரில் பார்த்திருக்கிறேன், அவ்வளவு அபூர்வம். உங்கள் அண்ணனின் படங்களை நான் பார்க்கவில்லை, நீங்கள் தட்டச்சு செய்த ரிப்போர்ட் வரிகளை மட்டுமே படித்தேன். அதனால் அவருக்கு இருப்பது இதுதான் என்று நான் சொல்ல முடியாது. இந்த நோயைப் படத்தில் எப்படி அடையாளம் காண்கிறோம், அதில் எது உறுதி, எது சந்தேகம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் யூராக்கஸ் என்றால் என்ன? தாயின் வயிற்றில் இருக்கும்போது நம் சிறுநீர்ப்பை தொப்புள் வரை நீண்டிருக்கும். கரு வளர வளரப் பை இடுப்புக்குள் இறங்கிவிடும். தொப்புளுக்கும் பைக்கும் நடுவே இருந்த குழாய் சுருங்கி ஒரு நார் போல ஆகிவிடும். பெரியவர்களிடம் அது பொதுவாக 3 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வயிற்றுத் தசைக்குப் பின்னால், குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு முன்னால், நேராக நடுக்கோட்டில் ஓடும். நார் என்று சொன்னாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதற்குள் மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு நுண்ணிய துவாரம் மிஞ்சியிருக்கும். துவாரத்தைச் சுற்றி உயிருள்ள செல்களின் படலமும் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இது வாழ்நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராது. மிக மிகச் சிலருக்கு அந்தப் படலத்தில் புற்றுநோய் முளைக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுகூட இது கிடையாது.

வழக்கமான சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பையின் உள்சுவரில் தொடங்கி உள்ளே காலிஃபிளவர் போல வளரும், வேர் வெளிப்பக்கம் இறங்கும். இது நேர்மாறு. வெளியே, பைக்கு மேலே தொடங்கி, உச்சியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். உள்ளே எட்டிப் பார்க்கும்போதுதான் சிறுநீரில் ரத்தம் வருகிறது. அதற்குள் வெளியே அது நன்றாக வளர்ந்திருக்கும். செல் வகையும் வேறு. பத்தில் ஒன்பது அடினோகார்சினோமா, அதாவது சுரப்பி வகைப் புற்று. அதிலும் பெரும்பாலானவை கோழை சுரப்பவை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெருங்குடல் புற்றுநோய் மாதிரியே இருக்கும். 1931லேயே பெக் என்ற அறுவை மருத்துவர் சிறுநீர்ப்பை உச்சியில் வரும் இந்தக் கோழைப் புற்றுகள் யூராக்கஸின் உட்படலத்திலிருந்து வருகின்றன என்று விளக்கிவிட்டார். இந்த நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சிறுநீரில் கோழை போகும். உங்கள் அண்ணன் கோழை மாதிரி வருகிறது என்று சொன்னதை அங்கே யாராவது குறித்துவைத்தார்களா தெரியவில்லை. சிறுநீர்த் தொற்றிலும் கோழை வரும் என்பது உண்மைதான். ஆனாலும் உச்சியில் கட்டி இருக்கும்போது அந்த ஒரு வரி மிக முக்கியம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அதைக் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். படத்தில் மூன்று விஷயங்களைத் தேடுவோம். முதலாவது இடம். நடுக்கோடு, பையின் உச்சி அல்லது முன்சுவரின் மேல்பகுதி, அங்கிருந்து தொப்புளை நோக்கிப் போகும் ஒரு வால். அடுத்தது, கட்டியின் பெரும்பகுதி பைக்கு வெளியே இருக்கிறதா என்பது. மூன்றாவது சுண்ணாம்பு. இந்தக் கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சி.டி.யில் சுண்ணாம்புப் படிவு தெரியும். பொடிப் பொடியாகவோ, விளிம்பைச் சுற்றி வளைந்த கோடாகவோ இருக்கும். நடுக்கோட்டில், பைக்கு மேலே, சுண்ணாம்போடு ஒரு கட்டி என்று மூன்றும் சேர்ந்துவிட்டால் வேறு எதுவும் அவ்வளவாகப் பொருந்தாது. உடம்பில் ஒரு கட்டியை இருக்கும் இடத்தை வைத்தே இவ்வளவு உறுதியோடு பெயர் சொல்லும் சந்தர்ப்பம் எங்களுக்கு அடிக்கடி கிடைக்காது. அதனால் ரிப்போர்ட் எழுதியவர் அவசரப்பட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாரே தவிர இதுதான் என்று எழுதவில்லை. அது சரியான வார்த்தை.

இதோடு இன்னொரு தடயமும் உண்டு. சி.டி.யில் ஒவ்வொரு திசுவின் அடர்த்தியையும் ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற அளவில் எண்ணாகவே அளக்கலாம். தண்ணீர் 0, தசை 50க்குப் பக்கம். கோழை நிறைந்த கட்டி என்றால் அதன் நடுப்பகுதி தசையைவிட நன்றாகக் குறைந்து, தண்ணீருக்கு அருகில் நிற்கும். சுற்றியிருக்கும் கெட்டியான பகுதி மட்டும் டை ஊசி, அதாவது படத்தில் திசுக்களை எடுப்பாகக் காட்டும் மருந்து, போட்டதும் வெளுத்துத் தெரியும். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. டை சிறுநீரில் இறங்கிப் பை முழுக்க வெள்ளையாகிவிட்ட பிறகு எடுத்த படத்தில் சுண்ணாம்பும் வெள்ளை, டையும் வெள்ளை, இரண்டும் கலந்துவிடும். டை போடுவதற்கு முன் எடுத்த படம் இருந்தால்தான் சுண்ணாம்பை நம்பிச் சொல்ல முடியும். அண்ணனின் டிஸ்க்கில் அந்த வரிசை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் அல்ட்ராசவுண்டில் ஏன் தெரியவில்லை என்று கோபத்தோடு கேட்டிருந்தீர்கள். அந்தக் கோபம் நியாயம்தான், ஆனால் காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றின் மேல் கருவியை வைக்கும்போது அதற்கு மிக அருகில் வருவது பையின் முன்சுவர்தான். ஒலி அலை வயிற்றுச் சுவரிலேயே முன்னும் பின்னும் மோதி எதிரொலிக்கும். அந்த எதிரொலிகள் படத்தின் மேல்பகுதியில் மூடுபனி மாதிரிப் படிந்துவிடும். அந்த மூடுபனிக்கு அடியில்தான் முன்சுவரும் உச்சியும் ஒளிந்திருக்கும். பை பாதி நிறைந்த நிலையில் எடுத்தால் இன்னும் மோசம், உச்சி கீழே இறங்கிக் குடலின் காற்றுக்குப் பின்னால் போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒருவரின் முன்சுவரில் தெரிந்த நிழலை எதிரொலி என்று ஒதுக்கிவிட்டேன். ஏழு மாதம் கழித்து அவர் ரத்தக்கட்டியோடு திரும்பி வந்தார். பழைய படத்தை எடுத்துப் பார்த்தால், அன்றே அந்த நிழலுக்கு ஒரு வடிவம் இருந்தது. அதற்கப்புறம் சிறுநீரில் ரத்தம் என்று யார் வந்தாலும், பை முழுக்க நிறையும்வரை காக்க வைத்து, வழக்கமான கருவியால் பார்த்து முடித்ததும் தைராய்டுக்குப் பயன்படுத்தும் மேலோட்டக் கருவியை எடுத்துத் தொப்புளிலிருந்து கீழே வரை நடுக்கோட்டில் ஒரு முறை ஓட்டிப் பார்க்காமல் அனுப்புவதில்லை. இரண்டு நிமிட வேலைதான். இன்னொரு குழப்பமும் நடக்கும். கட்டியிலுள்ள சுண்ணாம்பு அல்ட்ராசவுண்டில் நிழல் விழுத்துவதால் சிறுநீர்ப்பைக் கல் என்று எழுதிவிடுவார்கள். ஆளை ஒருக்களிக்கச் சொன்னால் கல் உருண்டு கீழே போகும், இது அசையாது.

இனி சந்தேகமான பக்கம். இந்த இடத்தில் வரும் எல்லாமே புற்றுநோய் இல்லை. யூராக்கஸில் நீர்க்கட்டி வரலாம், அதில் சீழ் பிடிக்கலாம். சீழ் பிடித்த நீர்க்கட்டிக்குச் சுவர் தடித்திருக்கும், டையை உறிஞ்சி வெளுக்கும், சுற்றியுள்ள கொழுப்பு கலங்கியிருக்கும், பையின் உச்சியும் வீங்கியிருக்கும். படத்தை மட்டும் பார்த்தால் புற்றுநோய்க்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாத சந்தர்ப்பங்கள் உண்மையிலேயே உண்டு. காய்ச்சல், தொப்புளுக்குக் கீழே தொட்டால் வலி, தொப்புளில் கசிவு, ரத்தத்தில் வெள்ளணு உயர்வு இவையெல்லாம் சீழ்ப் பக்கம் சாயும். இளம் வயதினருக்கு சீழ் என்றே முதலில் நினைப்போம். மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் சீழை வடித்துவிட்டு, சில வாரம் கழித்துத் திரும்பப் படம் எடுப்போம். முழுவதும் மறையாமல் கெட்டியான பகுதி மிஞ்சினால் புற்றுநோய் என்றே நினைத்து நடப்போம். உங்கள் அண்ணனுக்குக் காய்ச்சல், வலி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சுண்ணாம்பும் இருக்கிறது. சீழ்க்கட்டிக்கு இது அவ்வளவாகப் பொருந்தவில்லை.

அடுத்த சந்தேகம் பெருங்குடல். இடுப்புக்குள் தொங்கும் குடல் வளைவு சிறுநீர்ப்பையின் மேலேயே படுத்திருப்பதால், அங்கே வந்த புற்று பையின் உச்சியைத் துளைத்து இதே மாதிரி தோன்றலாம். மைக்ராஸ்கோப்பிலும் இரண்டும் ஒரே சாயல் என்பதால் பயாப்ஸி மட்டும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்காது. அதனால்தான் பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அதைத் தேவையில்லாத செலவு என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். வழக்கமான வகைப் புற்றே உச்சியில் வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் பைக்குள் வளரும், 5 சென்டிமீட்டர் வெளியே நிற்காது. பெண்களாக இருந்தால் எண்டோமெட்ரியோசிஸையும், அதாவது கருப்பையின் உட்படலம் போன்ற திசு வேறு இடத்தில் வளர்வதையும், கணக்கில் எடுப்போம், இங்கே அது வேண்டாம்.

இப்போது பயாப்ஸி. கட்டி பைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் சிறுநீர்ப் பாதை வழியாகக் கேமரா விட்டு, தெரியும் பகுதியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து அனுப்பலாம். அது நல்லது, முடிந்தால் செய்யவேண்டியதும்கூட. ஆனால் இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். கட்டி இன்னும் உள்ளே துளைக்கவில்லை என்றால் கேமராவில் ஒரு சின்ன மேடு மட்டும் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. பைக்குள் மிதக்கும் காற்றுக்குமிழி நேராக உச்சியில்தான் போய் நிற்கும் என்பதால் அனுபவம் உள்ளவர்கள் வயிற்றின் மேல் கையால் அழுத்தி உச்சியைக் கீழே கொண்டுவந்து பார்ப்பார்கள். அப்புறம், துணுக்கில் புற்று இல்லை என்று வந்தால் கட்டியே இல்லை என்று அர்த்தமில்லை. வெறும் கோழை மட்டும் வந்திருக்கலாம், மேல்தோல் மட்டும் வந்திருக்கலாம். சிறுநீரில் செல் பரிசோதனையும் இதில் பல நேரம் ஒன்றும் காட்டாது. வயிற்றின் வெளியிலிருந்து ஊசி குத்தி எடுக்கலாமே என்று கேட்டால், கோழைக்கட்டியைக் குத்தும்போது ஊசி போன பாதையிலோ வயிற்றுக்குள்ளோ செல்கள் சிந்தும் ஆபத்தை நினைத்து, அறுவைக்கு ஏற்ற நிலையில் உள்ளவருக்கு அதைப் பலரும் தவிர்ப்பார்கள். இதில் மருத்துவர்களிடையே முழு ஒற்றுமை இல்லை. என் கருத்து, படம் இவ்வளவு தெளிவாக இருந்து, எப்படியும் அந்த இடத்தை எடுத்தே ஆகவேண்டும் என்றால், வெளியிலிருந்து குத்த வேண்டாம்.

இப்போது உங்கள் இரண்டு டாக்டர்களுக்கு வருகிறேன். உள்ளே விட்டுச் சுரண்டுவது வழக்கமான சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் படி. பயாப்ஸிக்காக என்றால் இங்கேயும் சரி. ஆனால் அதுவே சிகிச்சை என்று நினைத்தால் தவறு. உள்ளே தெரிவது கட்டியின் நுனி மட்டும்தான், உடம்பு வெளியே இருக்கிறது. பையின் உச்சிப் பகுதி, யூராக்கஸ் நார் முழுவதும், தொப்புள், நடுவிலுள்ள சவ்வு எல்லாவற்றையும் பிரிக்காமல் ஒரே துண்டாக எடுப்பதுதான் இந்த நோய்க்கு ஏற்கப்பட்ட அறுவை. நாரின் மேல் முனை தொப்புளில் முடிவதால், அதை விட்டுவிட்டால் மிச்சமிருக்கும் பாதையில் நோய் திரும்பி வர இடம் கொடுக்கிறோம். பெரும்பாலும் பை முழுவதையும் எடுக்க வேண்டியிருக்காது, உச்சியை மட்டும் எடுத்துத் தைத்துவிடலாம். வெட்டிய ஓரத்தில் புற்று மிச்சமில்லாமல் எடுத்தார்களா என்பதுதான் பிற்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆக உங்கள் அண்ணனுக்கு எடுத்த சி.டி.யின் பெரிய உபயோகம், புற்றுநோய் என்ற சொல்லை எழுதியது அல்ல. அறுவை மருத்துவரை வேறு ஓர் அறுவையை யோசிக்க வைத்ததுதான். தொப்புளோடு எடுக்க வேண்டும் என்றவர் உங்களைப் பயமுறுத்தவில்லை. படத்தில் இருப்பதை நம்பிப் பேசியிருக்கிறார்.

எம்.ஆர்.ஐ. வேண்டுமா? சி.டி. நன்றாக இருந்தாலும் நான் வேண்டும் என்பேன், ஆனால் எடுக்கும் விதம் முக்கியம். பக்கவாட்டிலிருந்து உடம்பை இரண்டாகப் பிளந்து பார்ப்பது போன்ற நடுக்கோட்டுப் படம்தான் இந்த நோயின் முகம். தொப்புள், நார், கட்டி, பை நான்கும் ஒரே படத்தில் வரிசையாகத் தெரியும். கோழை, டி2 என்ற வகைப் படத்தில் சிறுநீரைப் போலவே பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். பையின் தசைச் சுவரைக் கட்டி தாண்டியிருக்கிறதா, முன்னால் வயிற்றுத் தசையை ஒட்டியிருக்கிறதா என்பதும் சி.டி.யைவிட நன்றாகத் தெரியும். சுண்ணாம்பு மட்டும் இதில் சரியாகத் தெரியாது, அதற்கு சி.டி.தான். சாதாரணமாக இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது தொப்புளுக்குக் கீழேயே படம் நின்றுவிடும். அதனால் தொப்புள் வரை எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். பெட் ஸ்கேனை இந்த நோயில் நான் அவ்வளவாக நம்புவதில்லை. கோழைப் பகுதியில் செல்கள் குறைவு, அந்த ஸ்கேனுக்காக ஊசியில் செலுத்தும் சர்க்கரை போன்ற மருந்தை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது. தவிர அந்த மருந்தே சிறுநீரில் வெளியேறுவதால் பை முழுக்க ஒளிர்ந்து பக்கத்தில் இருப்பதை மறைத்துவிடும். நுரையீரல், ஈரல், நெறிக்கட்டிகள் இவற்றுக்கு டை போட்ட சி.டி. போதும். குடல் சவ்வில் மணல் மணலாகப் பரவியிருந்தால் எந்த ஸ்கேனும் தவறவிடலாம், அதை அறுவையின்போது கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

நோயின் நிலை 3ஏ என்று எழுதியிருப்பதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அழுதார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்த நோய்க்கு இரண்டு விதமான நிலைக் கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. 1984ல் ஷெல்டன் குழு தந்த கணக்கில் 3ஏ என்றால் கட்டி யூராக்கஸிலிருந்து சிறுநீர்ப்பைக்குள் வந்துவிட்டது என்று மட்டுமே பொருள். கண்டுபிடிக்கப்படும்போதே பெரும்பாலானவர்கள் இந்த நிலையிலோ அதைத் தாண்டியோதான் இருப்பார்கள், ஏனென்றால் பைக்குள் வந்தால்தானே ரத்தம் தெரியும். பின்னால் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை தந்த கணக்கில் யூராக்கஸுக்கும் பைக்கும் உள்ளேயே அடங்கிய கட்டி நிலை 1. அதாவது ஒரே கட்டி ஒரு கணக்கில் 3ஏ, இன்னொன்றில் 1 என்று வரலாம். மற்ற புற்றுநோய்களில் கேள்விப்பட்ட மூன்றாம் நிலையை இதோடு ஒப்பிடாதீர்கள். எந்தக் கணக்கில் எழுதினார்கள், நெறிக்கட்டிகளில் ஏதாவது தெரிகிறதா என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்தான் எண்ணைவிட முக்கியம்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஸ்கேன் எடுக்கவேண்டுமா என்றால், வேண்டாம். குடும்பத்தில் வழிவழியாக வரும் நோயாக இது கருதப்படுவதில்லை. அண்ணனுக்கு மட்டும் அறுவைக்கு முன் சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இப்போது உயர்ந்திருந்தால் பிற்பாடு நோய் திரும்புகிறதா என்று பார்க்க அது உதவும். படங்களை ஃபிலிமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் டிஸ்க்கில் முழுத் தொகுப்பாக வாங்கி, யூராலஜி, புற்றுநோய், ரேடியாலஜி மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எம்.ஆர்.ஐ., குடல் கேமரா, பைக்குள் கேமரா இவற்றுக்காக ஒரு வாரம் பத்து நாள் போவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, அதற்காக நாளையே அறுவை என்று அவசரப்பட வேண்டாம். ஆனால் மாத்திரை சாப்பிட்டதும் ரத்தம் நின்றுவிட்டது, பண்டிகை முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளவும் வேண்டாம். இந்தக் கட்டியில் ரத்தம் இடையிடையே தானாகவே நிற்கும்.